செஞ்ஷுவில் தோற்ற மேட்ச்: அந்த உதையை யாருமே பார்க்கவில்லையா?

#1 பழுப்புப்பட்டை

வணக்கம். போட்டி முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. இங்கே இருப்பவர்களுக்காவது புரியும் என்று எழுதுகிறேன்.

எனக்கு 31 வயது. 26 வயதில்தான் கராத்தே கிளாஸில் சேர்ந்தேன். இப்போது பிரவுன் பெல்ட். இது என் மூன்றாவது டோர்னமெண்ட். முதல் இரண்டிலும் முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டேன். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று ஆறு மாதம் உழைத்தேன். காலையில் ஓட்டம், மாலையில் கிளாஸ். கிளாஸ் முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு மாஸ்டர் பேட் பிடிப்பார், வலது காலில் 50, இடது காலில் 50 மவாஷி கேரி, அதாவது பக்கவாட்டில் சுழற்றி விடும் உதை. ஒரு நாள்கூட விடவில்லை.

காலை 7 மணிக்கு ரிப்போர்ட் செய்யச் சொன்னார்கள். என் பிரிவைக் கூப்பிட்டபோது மணி 3:15.

நான் நீலக் கையுறை. ஹாஜிமே (ஆரம்பி) சொல்லிப் பத்து நொடி இருக்கும், எதிராளி கிசாமி சூக்கியில், அதாவது முன்னால் இருக்கும் கையின் குத்தில், ஒரு புள்ளி எடுத்துவிட்டார். முதல் புள்ளி என்பதால் செஞ்ஷுவும் அவருக்கே. பிறகு நான் கியாக்கு சூக்கியில், பின்னால் இருக்கும் கையின் குத்தில், 1-1. அவர் 2-1. நான் 2-2. கடைசி 15 நொடி என்று சத்தம் கேட்டது. சமனில் முடிந்தால் செஞ்ஷு உள்ளவர் வென்றதாக அர்த்தம், எனக்குப் போய்விடும். அந்த நிமிடத்துக்காகத்தானே ஆறு மாதம் பேடை உதைத்தேன்? மவாஷி கேரியைத் தலைக்கு விட்டேன். என் பாதம் அவர் காதோரம் பட்டது. உணர்ந்தேன். இப்போதும் பாதத்தில் அந்த உணர்வு இருக்கிறது. மூன்று புள்ளி வந்துவிட்டது என்று கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

ஒரே ஒரு கொடிதான் எழுந்திருந்தது. மேட்ச் முடிந்தது. செஞ்ஷுவில் அவருக்கு வெற்றி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. என்னை ஜெயித்தவர் ஃபைனல் வரை போனால் எனக்கு ரெப்பசாஜ் கிடைக்கும், வெண்கலத்துக்கு ஆடலாம். அதனால் நீலக் கையுறையைக் கழற்றாமல், டாட்டாமி (ஆடுகளப் பாய்) ஓரத்தில் உட்கார்ந்து, என்னைத் தோற்கடித்தவர் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சுற்றில் ஜெயித்தார். எழுந்து நின்று கைதட்டினேன். மூன்றாவது சுற்றில் 0-5 என்று தோற்றார். அவர் தோற்றபோது எனக்கு வந்த வலி, நான் தோற்றபோது வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

ஆறு மாதத்துக்கு மூன்று நிமிடம். உங்களில் நிறைய பேர் வருஷக்கணக்காகப் போட்டிக்குப் போகிறவர்கள். எப்படித் திரும்பத் திரும்பப் போகிறீர்கள்?

#2 எட்டுக்கு எட்டு

அண்ணா, படிக்கும்போதே வயிறு கலங்குது. ரெப்பசாஜுக்கு உக்காந்து காத்திருக்கிறது இருக்கே, அது தனி வேதனை. நானும் உக்காந்திருக்கேன். ஒரு தடவை அப்படிக் காத்திருந்து ரெப்பசாஜ் கிடைச்சுது, ரெண்டு மேட்ச் ஜெயிச்சு வெண்கலம் வாங்கினேன். அந்த மெடல்தான் வீட்ல கண்ணு படுற இடத்துல மாட்டியிருக்கேன், தங்கம் ரெண்டும் உள்ள இருக்கு. முதல் ரவுண்டுல தோத்த அன்னிக்கே மேடை ஏறினேன்ல, அதான்.

விடாதீங்கண்ணா.

#3 மூலைநாற்காலி

பழுப்புப்பட்டை அவர்களுக்கு,

நான் 11 ஆண்டுகளாக டாட்டாமியின் மூலையில் கொடியோடு அமர்ந்து வருகிறேன். உங்கள் மேட்சில் நான் இல்லை, அதனால் அந்த உதைக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அந்த நாற்காலியிலிருந்து என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான்கு மூலைகளில் நான்கு பேர். ஒரே நிறத்துக்கு, ஒரே புள்ளிக்கு இரண்டு கொடியாவது எழ வேண்டும். வலது காலால் நீங்கள் தலைக்கு உதைக்கும்போது எதிராளியின் இடது காது தெரிகிற இடத்தில் இருவர் இருந்தால் அதிர்ஷ்டம். மற்றவர்களுக்கு உங்கள் முதுகோ எதிராளியின் பின்னந்தலையோதான் தெரியும். பட்ட சத்தம் கேட்டிருக்கும். சத்தத்துக்குக் கொடி தூக்கக் கூடாது. பார்க்காததற்குக் கொடி தூக்குவது, பார்த்ததற்குத் தூக்காமல் விடுவதைவிடப் பெரிய தவறு என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

அடி பட்டால் மட்டும் புள்ளி இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறு விஷயம் பார்க்கிறோம். அடியின் வடிவம், விளையாட்டுக்குரிய மனப்பாங்கு, வேகமும் வலுவும், சான்ஷின் என்கிற அடித்த பிறகும் கலையாத விழிப்பு, சரியான நேரம், சரியான தூரம். ஆறும் ஒரு கண் இமைப்பில் கூடி வர வேண்டும்.

ஒரு வரியை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். வருத்தப்படாதீர்கள். "கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொடி எழும் முன்பே திரும்பிவிட்டீர்கள் என்றால், ஐயத்தில் இருந்த ஒரு நடுவரின் கை அங்கேயே நின்றிருக்கும். எதிராளி இன்னும் முன்னால் நிற்கிறார், நீங்கள் முதுகைக் காட்டுகிறீர்கள். சான்ஷின் போய்விட்டது.

எங்கள் பக்கத்திலும் ஏமாற்றம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரையிறுதியில் ஒரு பெண் பிள்ளை வயிற்றுக்கு மாய் கேரி விட்டாள். பார்த்தேன், நல்ல உதை. ஆனாலும் தூரம் சரியா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியில் ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். ஒரு புள்ளியில் தோற்றாள். மேட்ச் முடிந்து என் நாற்காலிக்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

#4 பழுப்புப்பட்டை

ஐயா, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. முதலில் படித்தபோது கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நிச்சயம் பட்டது, திரும்பினேனா இல்லையா என்பதா முக்கியம் என்று தோன்றியது. மேட்சைத் தங்கை வீடியோ எடுத்திருக்கிறாள். இன்னும் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

#5 கட்டாக்காரி

எனக்குக் குமித்தே, அதாவது நேருக்கு நேர் மோதும் ஆட்டம், அதிகம் தெரியாது. 14 வருஷமாகக் கட்டா (வரிசையான அசைவுகளைத் தனியாகச் செய்துகாட்டுவது) பிரிவில் மட்டும்தான் ஆடுகிறேன். அங்கே உங்களைத் தோற்கடிக்க எதிரில் ஆளே கிடையாது. நீங்களாகவே தோற்க வேண்டியதுதான். அது வேறு மாதிரிக் கொடுமை.

நான் முதல்முறை ஃபைனலுக்குப் போனபோது எனக்கு 22 வயது. உன்சு என்ற கட்டாவைச் செய்தேன். அதில் கடைசிப் பக்கத்தில் ஒரு தாவல் வரும், காற்றில் முழுச் சுற்றுச் சுற்றித் தரையோடு தரையாக இறங்க வேண்டும். அந்தத் தாவலுக்காக ஒரு வருஷம் முட்டி வீங்க வீங்கப் பழகியிருந்தேன். கட்டா பாதியைத் தாண்டும்போது இடுப்பில் பெல்ட் தளர்வது தெரிந்தது. நிறுத்தினால் தகுதி நீக்கம். பெல்ட் முழுசாகக் கழன்று விழுந்தாலும் தகுதி நீக்கம். கைகள் தம்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கின்றன, மனசு முழுக்க முடிச்சில் இருக்கிறது. தாவலுக்கு நாலு அசைவுக்கு முன்னால் பெல்ட் காலடியில் விழுந்தது.

தோற்றுவிட்டேன் என்று அப்போதே தெரியும். இருந்தும் முடித்தேன். அந்தத் தாவல் அன்றைக்கு இறங்கியது போல வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் இறங்கியதில்லை, பின்னாலும் இறங்கியதில்லை. பயம் போய்விட்டது, அதனால்தான். இழக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைசிக் கியாய் (முழக்கம்) சொன்ன பிறகு அந்த அரங்கம் முழுக்க ஒரு அமைதி. நான் குனிந்து வணங்கி, பெல்டை எடுத்து, வெளியே வந்துதான் கட்டிக்கொண்டேன்.

ஏமாற்றமா பெருமையா என்று கேட்டால் இன்று வரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் அதே இரண்டு நிமிடத்தில்தான் நடந்தன.

31 வயது என்று ஏதோ தாமதமாக வந்தவர் போல எழுதியிருக்கிறீர்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது 39 வயது. நிறைய போட்டிகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே பிரிவு வைக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் அந்த வயசே வரவில்லை.

#6 முழுத்தொடர்பு

யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம், மனசுல பட்டதைச் சொல்றேன். கொடி எழுந்துதா, யார் பார்த்தா, காது எந்தப் பக்கம் இருந்துது, இந்தப் பேச்செல்லாம் தொட்டுட்டு நிக்கிற கராத்தேலதான் வரும். நான் கியோக்குஷின் கராத்தே. முகத்துக்குக் கை கிடையாது, மத்தபடி முழு பலத்தோட அடிக்கலாம், தலைக்கு உதைக்கலாம். அடி வாங்கினவன் கீழ விழுந்தா ஊருக்கே தெரியும். பழுப்புப்பட்டை, அந்த உதையை எங்க விதியில விட்டிருந்தீங்கன்னா சந்தேகமே வந்திருக்காது.

#7 எட்டுக்கு எட்டு

முழுத்தொடர்பு அண்ணா, மதிச்சுத்தான் சொல்றேன், தொட்டுட்டு நிக்கிறதுன்னு சொல்றது நியாயமில்ல. முழு வேகத்துல வந்த கைய முகத்துக்கு ஒரு விரல் தூரத்துல நிறுத்திப் பாருங்க. எதிராளி அந்த நேரம் உள்ள வந்துட்டிருப்பான். அவன் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நிறுத்தணும். அது வராம நான் ரெண்டு வருஷம் பெனால்ட்டியா வாங்கிட்டிருந்தேன்.

அதோட அவர் கேட்டது எந்தக் கராத்தே நிஜம்னு இல்லையே. தோத்துட்டு எப்படித் திரும்பப் போறீங்கன்னுதானே கேட்டார்?

#8 முழுத்தொடர்பு

சரிதான் தம்பி. கேள்விக்குப் பதில் சொல்லாம வேற பேசிட்டேன். பழுப்புப்பட்டை, மன்னிச்சுக்கங்க.

என் கதையைச் சொல்றேன். போன வருஷம் காலிறுதி. மூணு நிமிஷம் சமன். ரெண்டு நிமிஷம் நீட்டிச்சாங்க, சமன். இன்னொரு ரெண்டு நிமிஷம், அதுவும் சமன். என் ரெண்டு தொடையும் லோ கிக் வாங்கிக் கல்லாயிருந்துது, அவனுக்கு விலாவுல என் முழங்கால் இறங்கியிருந்துது. ரெண்டு பேரும் நிக்கிறதே பெரும்பாடு. எங்க விதிப்படி அதுக்கப்புறம் ஆட்டத்தைப் பார்க்க மாட்டாங்க, எடையைப் பார்ப்பாங்க. குறிப்பிட்ட வித்தியாசத்துக்கு மேல இருந்தா எடை குறைஞ்சவனுக்கு வெற்றி. அவன் குறைவு. அவ்வளவுதான். ஏழு நிமிஷம் அடிச்சுக்கிட்டதை ஒரு எடைக் கருவி தீர்த்து வெச்சுது.

ஒரு வாரம் மாடிப்படி இறங்க முடியல, கைப்பிடியைப் பிடிச்சுப் பின்பக்கமா இறங்கினேன். படுத்துக்கிட்டு அந்த எடையையே நினைச்சுட்டிருந்தேன். அதனால எங்க விதியில சந்தேகமே வராதுன்னு நான் மேல எழுதினது உண்மையில்ல. எழுதும்போதே தெரியும்.

ஆனா அந்த ஆள் கூட இப்போ மாசம் ஒரு தடவை சேர்ந்து பயிற்சி பண்றேன். என்னை அவ்வளவு நல்லாத் தெரிஞ்சவன் வேற யாரும் இல்ல.

#9 வெறுங்கை

இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வயதில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் கராத்தே கற்ற காலத்தில் எங்கள் ஆசிரியர் போட்டி என்ற பேச்சையே எடுக்க விடமாட்டார். ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் ஆசான் ஃபுனாகோஷி கராத்தேவைப் போட்டியாக்குவதை விரும்பியவர் அல்லர். அவர் 1957 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டில்தான் ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. 1970இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. இந்தக் கதையை எங்கள் ஆசிரியர் ஒரு துரோகத்தின் கதையைப் போலச் சொல்வார். நானும் அப்படியே நம்பினேன். 15 ஆண்டுகள் என் மாணவர்கள் யாரையும் போட்டிக்கு அனுப்பவில்லை.

ஒரு மாணவன் எனக்குத் தெரியாமல் போய் ஆடிவிட்டு வந்தான். முதல் சுற்றிலேயே 0-8. எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். என்னிடம் வந்து சொன்னான். திட்ட வாயெடுத்தேன். அவன் கேட்டான்: "சென்செய், பத்து வருஷமா நான் பயிற்சி பண்றது இதே எட்டுப் பேரோடதான். யார் எந்தக் காலை முன்னால வெப்பாங்க, யார் எப்போ மூச்சு விடுவாங்கன்னு எனக்கு மனப்பாடம். அங்க ஒருத்தரையும் தெரியல. எனக்கு எதுவுமே வரல. அப்போ நான் கத்துக்கிட்டது கராத்தேவா, இந்த எட்டுப் பேரையா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த போட்டிக்கு நானே அழைத்துப் போனேன். அன்றைக்கும் தோற்றான். ஆனால் மூன்று நிமிடம் முழுக்க நின்றான்.

பதக்கத்தைப் பற்றி என் கருத்து இன்றும் மாறவில்லை. அறிமுகமில்லாத ஒருவர் முன் நிற்பதைப் பற்றி மாறிவிட்டது.

#10 சிவப்புமூலை

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதை எழுதியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

எனக்கு அப்போது 19. அரையிறுதி. 5-2 என்று முன்னணியில் இருந்தேன், 20 நொடிதான் பாக்கி. சும்மா நகர்ந்துகொண்டிருந்தாலே போதும். எதிராளி வேறு வழியில்லாமல் நேராக உள்ளே பாய்ந்தான். என் கை தானாகப் போனது. நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியாமல் இல்லை, அந்தக் கணம் நிறுத்த நினைக்கவில்லை. அதுதான் உண்மை. மூக்கு உடைந்துவிட்டது. வெள்ளை யூனிஃபார்ம் முழுக்க ரத்தம். டாக்டர் வந்தார். எனக்கு ஹன்சோக்கு, அதாவது தகுதி நீக்கம். தோல்வி.

வெளியே வந்து கத்தினேன். அவன்தானே உள்ளே வந்தான், நான் என்ன செய்ய என்று. என் கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, முதலுதவி மேசையைக் காட்டினார். போனேன். அவன் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அந்தப் பையன்தான் கையை நீட்டினான். அந்த அப்பாவின் முகம் மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

பிறகு இரண்டு வருஷம் போட்டிக்குப் போகவில்லை. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் ஃபைனலை டிவியில் பார்த்தேன். சவுதி அரேபியாவின் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னணி. ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜ்சாதே கழுத்தோரம் உதை வாங்கி நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஹமெதிக்கு ஹன்சோக்கு. விழுந்தவருக்குத் தங்கம். கராத்தே தெரியாத நண்பர்கள், "இது என்ன விளையாட்டு, அடித்தவன் தோற்கிறான்" என்றார்கள். நான் ஹமெதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஆனால் கட்டுப்பாடு இல்லாத அடிக்கு வெற்றி கிடையாது என்று அந்த மேடையிலும் ரெஃப்ரிகள் சொன்னதில் எனக்குள் ஏதோ ஒன்று அடங்கியது. எனக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை அது. இந்த விளையாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அடுத்த மாதமே கிளாஸுக்குத் திரும்பிவிட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லாமல் போனதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

#11 வெள்ளைப்பட்டை அம்மா

எல்லாரும் பெரிய ஆட்டக்காரர்கள், நான் ஒரு அம்மா. கேட்கலாமா?

என் மகளுக்கு 9 வயது. போன வாரம் முதல் போட்டி. ஹெய்யான் நிதான் கட்டா, வீட்டில் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வாள். அங்கே பெயரைச் சத்தமாகச் சொன்னாள், ஆரம்பித்தாள், மூன்றாவது அசைவில் அப்படியே நின்றுவிட்டாள். உதடு துடிக்கிறது, கை மட்டும் மேலே நிற்கிறது. எனக்கு உள்ளே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்து டாட்டாமியில் ஒரு அப்பா தோற்ற பையனை எல்லார் முன்னாலும் திட்டிக்கொண்டிருந்தார். அதையும் இவள் பார்த்துவிட்டாள்.

வண்டியில் திரும்பி வரும்போது ஒரே கேள்விதான் கேட்டாள்: "மாஸ்டருக்குத் தெரியுமா?" அதற்குப் பிறகு கிளாஸுக்கு வரமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தவா, விட்டுவிடவா?

#12 கட்டாக்காரி

அக்கா, கட்டாயப்படுத்தாதீங்க, விட்டுடவும் வேண்டாம். மாஸ்டரிடம் நடந்ததை நீங்களே சொல்லிடுங்க. அவள் பயம் கட்டாவைப் பற்றி இல்லை, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான். அவள் கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் எப்போதும் ஒரே திசையைப் பார்த்துத்தான் செய்வாளா? பிள்ளைகள் சுவரையும் கதவையும் அடையாளம் வைத்துத்தான் கட்டாவை மனசில் பதிக்கிறார்கள். புது இடத்தில் அந்த அடையாளம் இல்லை என்றால் அசைவும் மறந்துவிடும். ஒரு நாள் கதவைப் பார்த்து, ஒரு நாள் ஜன்னலைப் பார்த்து, ஒரு நாள் கண்ணை மூடிச் செய்யச் சொல்லுங்கள். எனக்கு 10 வயதில் என் மாஸ்டர் செய்த வைத்தியம் இது.

#13 மூலைநாற்காலி

அம்மா, ஒரு நடுவராகச் சொல்கிறேன். அப்படி நின்றுபோகும் பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறோம். எங்களில் ஒருவர்கூட அந்தப் பிள்ளையைக் குறைவாக நினைப்பதில்லை. அழாமல் நின்றாளே, வெளியே வரும் முன் வணங்கினாளா? வணங்கியிருந்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

அந்த அப்பாவைப் பற்றி: டாட்டாமி ஓரத்தில் பெற்றோர் கத்துவதை நிறுத்த எங்களுக்கு இன்னும் அதிகாரம் வேண்டும் என்று பல கூட்டங்களில் பேசிவிட்டேன். தொடர்ந்து பேசுவேன்.

#14 எட்டுக்கு எட்டு

தங்கம் ரெண்டும் உள்ள இருக்குன்னு மேல எழுதியிருந்தேன்ல, ஏன்னு ரெண்டு பேர் தனியாக் கேட்டாங்க. இங்கயே சொல்லிடுறேன். முதல் தங்கம், என் எடைப் பிரிவுல மொத்தம் ரெண்டே பேர். இன்னொருத்தன் வரல. வாக் ஓவர். வியர்வை ஒரு சொட்டு வரல, மேடைல ஏத்திக் கழுத்துல மாட்டிட்டாங்க. போட்டோவுல நான் சிரிக்கல பாருங்க. வயசு, எடை, பெல்ட்டுன்னு பிரிவைப் பொடிப்பொடியா வெட்டினா இப்படித்தான் ஆகும். பிள்ளைங்களுக்குச் சரி. பெரியவங்களுக்கு நாலு பேராவது இல்லாட்டி பக்கத்துப் பிரிவோட சேர்த்துடணும்னு நான் சொல்வேன். தோத்தாலும் பரவால்ல, ஆடணும்.

#15 பழுப்புப்பட்டை

நேற்று ராத்திரி வீடியோவைப் பார்த்துவிட்டேன். எட்டு முறை.

உதை பட்டதா இல்லையா என்று தெரியவில்லை. தங்கை நின்ற இடத்திலிருந்து அவர் கையுறை நடுவில் வருகிறது. என் பாதத்துக்குத் தெரிந்தது கேமராவுக்குத் தெரியவில்லை. திரும்பியது மட்டும் நன்றாகத் தெரிகிறது. கால் தரைக்கு வரும் முன்பே முகம் கேலரிப் பக்கம் போய்விட்டது. ஐயா சொன்னது சரி.

ஆனால் எட்டு முறை பார்த்தபோது என் கண் போனது வேறு இடத்துக்கு. முதல் பத்து நொடி. ஹாஜிமே சொன்ன பிறகும் நான் மேட்சுக்குள் இல்லை. தோள் இறுகியிருக்கிறது, குதிகால் தரையில் ஒட்டியிருக்கிறது. காலை 7 மணிக்கு வார்ம்-அப் செய்தவன், கூப்பிட்ட பிறகு இரண்டு முறை குதித்துவிட்டு அப்படியே ஏறிவிட்டேன். எட்டு மணி நேரம் நாற்காலியில் உறைந்த உடம்பு. அவர் அடித்த கிசாமி சூக்கி அவ்வளவு வேகமானதுகூட இல்லை. செஞ்ஷு போனது அங்கே. மூன்று நாளாகக் கடைசி நொடியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். என் இரண்டாவது புள்ளி, 2-2 ஆன கியாக்கு சூக்கி. அவர் முன்கால் தரையைத் தொடும் அதே நொடியில் போயிருக்கிறது. அப்படி அடித்ததே எனக்கு நினைவில் இல்லை. மாஸ்டரிடம் காட்டினேன். திரும்பப் போடச் சொன்னார், இன்னொரு முறை போடச் சொன்னார், பிறகு "இது பேட்ல வராது" என்றார்.

ஒரு கேள்வி. நாள் முழுக்கக் காத்திருக்கும்போது உடம்பை எப்படிச் சூடாக வைத்துக்கொள்கிறீர்கள்?

#16 எட்டுக்கு எட்டு

டிரா ஷீட்டைப் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. உங்களுக்கு முன்னால எத்தனை மேட்ச்னு எண்ணுங்க. மூணு நிமிஷ மேட்ச்னா இடைவெளி, கொடி, எல்லாம் சேர்த்து நான் அஞ்சு நிமிஷம்னு கணக்கு வெப்பேன். ஆறு மேட்ச் இருக்கும்போது எழுந்து மெதுவா ஆரம்பிக்கணும். மூணு மேட்ச் இருக்கும்போது ஒருத்தரைப் பிடிச்சு நிஜ வேகத்துல பத்துப் பதினஞ்சு அடி. மூச்சு வாங்கணும். மேட்ல ஏறும்போது உங்களுக்கு அது ரெண்டாவது மேட்ச் மாதிரி இருக்கணும்ணா. நடுவுல ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க.

#17 வெள்ளைப்பட்டை அம்மா

மாஸ்டரிடம் பேசினேன். அவர் எதுவும் சொல்லவில்லை, மறுநாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் கதவுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து ஹெய்யான் நிதான் செய்யச் சொன்னாராம். பாதிப் பேர் தடுமாறினார்களாம். வீட்டுக்கு வந்ததும் இதைத்தான் முதலில் சொன்னாள்.

#18 பழுப்புப்பட்டை

இழையைத் திரும்ப மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். ஐந்து மாதம் ஆகிவிட்டது. நேற்று அடுத்த போட்டி.

டிரா ஷீட்டை எண்ணினேன், தம்பி. ஏழு மேட்ச் இருக்கும்போதே எழுந்துவிட்டேன். ஏறும்போது நெற்றியில் வியர்வை இருந்தது. முதல் சுற்றில் 4-1 என்று ஜெயித்தேன். செஞ்ஷு எனக்கு. நாலு போட்டியில் என் முதல் வெற்றி. ரெஃப்ரி என் பக்கம் கையைக் காட்டியபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வணங்க மறந்து நின்றேன், கோச் கூப்பிட்டுச் சொன்னார்.

இரண்டாவது சுற்றில் எதிராளி கறுப்புப் பட்டை, என்னைவிட எட்டு வயதாவது சின்னவர். ஊரா மவாஷி (எதிர்ப்பக்கமிருந்து கொக்கி போல வரும் உதை), காது பக்கம், காற்று மாதிரி வந்தது. 0-3. பிறகு ஒரு முறை உள்ளே போய் ஒரு புள்ளி எடுத்தேன். 1-5 என்று முடிந்தது. கொடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் என்னைவிட நல்ல ஆட்டக்காரர்.

இறங்கி வரும்போதுதான் பார்த்தேன். முதல் சுற்றில் என்னிடம் தோற்றவர் டாட்டாமி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கையுறை இன்னும் கையில். என் மேட்ச் முழுக்க "கமான் நீலம், கமான் நீலம்" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, எங்கள் கிளாஸ் பையன் என்று நினைத்திருந்தேன். இவர்தான்.

நேராக அவரிடம் போனேன். "முடியலங்க" என்றேன். "பார்த்தேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அடுத்த மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் வலது கையுறையின் பட்டையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். இடது கையுறையை நான் கழற்றிவிட்டேன்.